ஏழு மணி நேரத் தூக்கம்

இருசப்பன் தம் வாழ்நாளில் எதிர்கொண்ட தேர்வுகள் இரண்டே இரண்டு. எட்டாம் வகுப்பில் ஒன்று, அதில் தோற்றார். ஓட்டுநர் உரிமத்துக்காக மைதானத்தில் எட்டுப் போட்டுக் காட்டியது மற்றொன்று. அதில் முதல் தடவையிலேயே தேறினார். எட்டு என்னும் எண் ஒரு கையால் பறித்ததை மறு கையால் கொடுத்துவிட்டது என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மூன்றாவதாக ஒரு தேர்வு, அதுவும் நாற்பத்தொன்பதாம் வயதில், திருபுவனை ஆலையின் பயிற்சி அறையில், ஏசிக்கு நேர் கீழே அமர்ந்து எதிர்கொள்ள நேரும் என்று அவர் எண்ணியதில்லை.

மேசைமேல் ஒரு ஸ்டீயரிங்கைத் திருகாணி கொண்டு முடுக்கியிருந்தார்கள். அதன் வலப்புறம் ஒரு பொத்தான், இடப்புறம் ஒரு பொத்தான். கீழே கால் எட்டும் இடத்தில் பிரேக்கும் ஆக்சிலேட்டரும். எதிரே கணினித் திரையில், மரமும் இல்லாமல் மனிதரும் இல்லாமல் ஒரு சாலை வளைந்து போய்க்கொண்டிருந்தது. ஏசியின் குளிர் இதமாகத்தான் இருந்தது. அந்த இதமே இருசப்பனுக்கு அச்சமூட்டியது. காலை மூன்றே முக்காலுக்கு எழுந்தவருக்குப் பதினொரு மணிக்குக் கிடைக்கும் குளிர், தாய்மடியைவிடப் பொல்லாதது.

"ரோட்டுல சிவப்பு வட்டம் வந்தா பிரேக் அழுத்துங்க. காதுல ரைட்னு கேட்டா ரைட் பட்டன், லெப்ட்னு கேட்டா லெப்ட் பட்டன். அதுக்காகக் கால அசைக்கக் கூடாது. ஆக்சிலேட்டர் ஒரே சீரா இருக்கணும். அவ்ளோதாண்ணா, பன்னெண்டு நிமிஷம்" என்றாள் புவனேஸ்வரி. உளவியல் படித்த பெண். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். அரியாங்குப்பத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்திருந்தாள். ஓட்டுநர்களின் கவனம் எங்கே சிதறுகிறது என்று அளந்து சொல்வது அவளுடைய உத்தியோகம்.

"பேசினே ஓட்டறவன புடிக்கறதுக்கா மேடம் இது?"

"கவனம் ரெண்டாப் பிரியும்போது எது விடுபடுதுன்னு பாக்கறதுக்கு."

"எங்கூட்டுக்காரி பேசசொல்லோ எனக்கு எல்லாமே விடுபட்டுடும்" என்றார் இருசப்பன். அவள் சிரித்தபடியே ஹெட்போனை அவர் காதில் மாட்டினாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, தேநீர்க் குவளையும் கையுமாக நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான் வண்டிகளின் மேற்பார்வையாளன் கலைவேந்தன். வேறொரு மாவட்டத்தில் தொழிலாளர் வண்டி ஒன்று கரும்பு டிராக்டர்மேல் மோதிய செய்தி வந்ததிலிருந்து ஆலை நிர்வாகத்துக்குத் திடீரென்று ஞானம் பிறந்திருந்தது. பதினோர் ஓட்டுநரையும் சோதிக்க வேண்டும். தேறாதவர் கையில் வண்டியைக் கொடுக்கலாகாது என்பது ஆணை. தேறாதவர் என்ன செய்வார் என்று இருசப்பன் கேட்டதற்கு, "வண்டி கழுவலாம்ண்ணா, தண்ணி நெறய கீது" என்று கலைவேந்தன் விடையளித்திருந்தான். சிரித்துக்கொண்டேதான் சொன்னான். ஆயினும் சென்ற ஆண்டு அப்படித் தண்ணீர்க் குழாய்க்கு மாற்றப்பட்ட ஒருவர் மூன்று மாதத்தில் வேலையை விட்டே போனதை இருவரும் அறிவர். இருசப்பனுக்கு ஸ்டீயரிங்கைத் தவிர வேறெதையும் பிடிக்கத் தெரியாது. இருபத்துமூன்று ஆண்டுகளாக அவர் கை வேறெதையும் கற்கவில்லை.

சோதனை தொடங்கிற்று. காதில் ஒரு பெண்குரல் தெளிவாக ஒலித்தது: "ரைட்."

இருசப்பனின் வலது கால் ஆக்சிலேட்டரை மிதித்தது. திரையிலிருந்த சாலை விர்ரென்று பாய்ந்தது.

"கால் இல்லண்ணா, பட்டன்" என்றாள் புவனேஸ்வரி.

"சரி மேடம்."

"லெப்ட்" என்றது குரல். இடப்பொத்தானை ஒழுங்காக அழுத்தினார். மறுபடி "லெப்ட்", மறுபடியும் ஒழுங்கு. "ரைட்" என்றதும் கால் மிதித்தது, சாலை பாய்ந்தது. பொத்தானை அழுத்த வேண்டுமென்பது அதற்குப் பிறகுதான் விரலுக்கு நினைவு வந்தது. இருபது முறை ரைட் என்று கேட்டதில் பத்தொன்பது முறை இதே கூத்து. கணினியோ ஒவ்வொன்றுக்கும் திரையின் ஓரத்தில் ஒரு சிவப்புக் கோட்டைக் கீறிக்கொண்டே வந்தது. வெளியே கலைவேந்தன் தேநீர் சிந்தச் சிரித்துக்கொண்டிருந்தான்.

புவனேஸ்வரி சோதனையை நிறுத்தினாள். முகத்தில் அலுப்புத் தெரிந்தது. "அண்ணா, மூணு தடவ சொல்லிட்டேன். ரைட்னா எதுக்குக் கால் போகுது?"

இருசப்பன் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். இரண்டு மாதமாக எதற்கும் சினங்கொள்ளும் தெம்பு இல்லாத மனிதருக்கு, இப்போது எங்கிருந்தோ ஒரு சிறு சினம் வந்தது.

"நீங்களே வண்டிய எடுன்றீங்க. எடுத்தா தப்புன்றீங்க. நான் இன்னாதான் பண்றது?"

"எங்க எடுக்கச் சொன்னாங்க? ரைட்னுதானே..." என்று தொடங்கியவள் பாதியில் நிறுத்தினாள். வாயைக் கையால் பொத்திக்கொண்டாள். பள்ளிக்கூடத்துக்குப் போன நாளெல்லாம் டவுன் பஸ்சின் படியோரம் நின்று அவளும் அந்தச் சொல்லைக் கேட்டவள்தானே! நடத்துநர் "ரைட்" என்றால் வண்டி புறப்படும். "ஓல்டேன்" என்றால் நிற்கும். பாகூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே தனியார் பேருந்தைப் பதினைந்தாண்டு ஓட்டியவருக்கு ரைட் என்பது திசையன்று; கட்டளை. ஆலையின் பெண் தொழிலாளர்களை ஏற்றும் வண்டிக்கு வந்தபின்னும் அது மாறவில்லை. இந்த வண்டிக்கு நடத்துநர் கிடையாது. ஓட்டுநர் இருக்கைக்கு நேர் பின்னால் அமர்பவள் ஜோஸ்பின் என்னும் கரிக்கலாம்பாக்கத்துப் பெண். எந்த நிறுத்தத்தில் எத்தனை பேர், யார் வரவில்லை, யாருக்குக் காய்ச்சல் என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. எல்லாரும் ஏறியதும் "ரைட்டுண்ணா" என்று அவள் குரல் கொடுப்பாள்; இவர் கால் மிதிக்கும். அவள் இல்லாத ஷிப்டில் வேறொருத்தி; ஆக நாளொன்றுக்கு அறுபது எழுபது தடவை. இயந்திரத்தின் குரலும் பெண்குரலாய் அமைந்துவிட்டது.

"ஐயோ, காலையில வந்த ரெண்டு பெரியவங்களும் இதே மாதிரிதான் மிதிச்சாங்க. நான் அவங்களுக்குச் சிவப்பு போட்டுட்டேனே" என்றாள் புவனேஸ்வரி. சிரிப்போடு வெட்கமும் அவள் குரலில் கலந்திருந்தது. "அவங்கள மறுபடி கூப்பிடணும். சரிண்ணா, குரல நிறுத்திடறேன். நானே பின்னால நின்னு சொல்றேன். வலது, இடதுன்னு சொன்னா ஆச்சா?"

"வலதுன்னா நான் ரோசன பண்ணித்தான் அழுத்தணும் மேடம். சோத்தாங்கைன்னு சொல்லுங்க, பட்டுனு புரியும்."

"அப்போ இடதுக்கு?"

"பீச்சாங்கை."

அவள் ஒரு கணம் தயங்கினாள். "நொட்டாங்கைன்னு சொல்றேன். ரிப்போர்ட்டுல எழுதணும்ல?"

இவ்வாறாக, பெருஞ்செலவில் வாங்கிய இயந்திரத்தின் வாய் அடைக்கப்பட்டு, ஒரு முதுகலைப் பட்டதாரி பின்னால் நின்று "சோத்தாங்கை... நொட்டாங்கை... சோத்தாங்கை" என்று பன்னிரண்டு நிமிடம் ஓத, இருசப்பன் தேர்வை மறுபடியும் எழுதினார். கால் தன் இடத்தில் கிடந்தது. விரல் தன் வேலையைச் செய்தது. சிவப்பு வட்டம் வரும்போதெல்லாம் பிரேக்கை மிதித்தார். அப்படித்தான் அவர் நம்பினார்.

முடிந்ததும் புவனேஸ்வரி திரையைப் பார்த்துச் சொன்னாள்: "அறுபத்து மூணு. அறுபது இருந்தா தகுதின்னு எழுதலாம்."

"ரொம்ப நன்றி மேடம்" என்று இருசப்பன் எழுந்து நின்றார். செருப்பையும் மாட்டிக்கொண்டார். இரண்டு மணிக்கு முதல் ஷிப்ட் விடும் வரை வண்டிக்குள் கடைசி இருக்கையில் கால் நீட்டலாம் என்பதொன்றே அப்போது அவர் நினைவு.

"கொஞ்சம் உக்காருங்கண்ணா" என்றாள் அவள். "இங்க ஒரு அஞ்சு எடம் காலியா இருக்கு. பட்டனும் இல்ல, பிரேக்கும் இல்ல. நான் சொன்னது கேக்கலியா?"

"நீங்க சொன்னதுக்கெல்லாம் அழுத்தனனே."

"வட்டம்?"

"வந்ததுக்கெல்லாம் மிதிச்சேன். அங்க வட்டம் வரல மேடம்."

அவள் திரையைத் திருப்பி, பதிவை ஓடவிட்டாள். சாலை வந்தது, சிவப்பு வட்டம் வந்தது, மூன்று நொடி நின்றது, போயிற்று. பின்னணியில் "நொட்டாங்கை" என்று அவள் குரல் கேட்டது. திரையின் மூலையில், சோதனையின்போது சிறு கேமரா எடுத்த இருசப்பனின் முகம் இருந்தது. கண் மூடவில்லை. நன்றாகத் திறந்துதான் இருந்தது. வீட்டில் ஆளில்லாமல் கதவு மட்டும் திறந்து கிடப்பது போலத் திறந்திருந்தது. மூன்று நொடி கழித்து யாரோ உள்ளே திரும்பி வந்தார். அவர் மறுபடியும் ஓட்டத் தொடங்கினார்.

"அம்பது கிலோமீட்டர் வேகத்துல மூணு செகண்டுன்னா நாப்பது மீட்டர். உங்க பஸ் நாலு வரிசையா நின்னா எவ்ளோ நீளமோ, அவ்ளோ" என்றாள் புவனேஸ்வரி மெல்ல.

சென்ற செவ்வாய்க்கிழமை காலை, வில்லியனூர் ரயில்வே கேட்டில் வண்டியை நிறுத்தியபோது இருசப்பனுக்கு ஓர் ஐயம் எழுந்ததுண்டு. மங்கலம் வளைவைத் தாண்டினோமா என்பது நினைவில்லை. தாண்டாமல் வில்லியனூருக்கு வர வேறு வழியில்லை. ஆகவே தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அந்த வளைவும், வளைவிலே எப்போதும் நிற்கும் பால் வண்டியும், அன்றைக்கு அவர் கண்ணில் பட்டதாக நினைவே இல்லை. நாற்பத்திரண்டு பெண்கள் பின்னால் இருந்தார்கள். பாதிப் பேர் உறங்கிக்கொண்டிருந்தார்கள். அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை; தம்மிடமும் இரண்டாம் முறை சொல்லிக்கொள்ளவில்லை.

புவனேஸ்வரி அவர் நிரப்பித் தந்த படிவத்தை எடுத்தாள். "நேற்றிரவு உறங்கிய நேரம், ஏழு மணி" என்று படித்தாள். பிறகு மற்றப் படிவங்களையும் சீட்டுக்கட்டைப் போல விரித்துக் காட்டினாள். "பதினோரு பேரும் ஏழு மணி நேரம் தூங்கியிருக்கீங்க. நானே ஏழு மணி நேரம் தூங்கறதில்லண்ணா."

காலையில் தாழ்வாரத்தில் வைத்துக் கலைவேந்தன்தான் சொல்லிக்கொடுத்தான்: "எல்லாரும் ஏழுன்னு போடுங்க. எட்டுன்னு போட்டா நம்ப மாட்டாங்க. ஆறுன்னு போட்டா ஏன்னு கேப்பாங்க."

"தகுதின்னு எழுதிடறேன்" என்றாள் அவள். "மார்க் இருக்கு, என்னை யாரும் கேக்க முடியாது. ஆனா இந்த ஏழ நீங்க ஒரு தடவ பாருங்க. அதுல அஞ்சு மணி நேரத்துக்குக் கீழ இருந்தா, இந்த டெஸ்டே செல்லாது. ரெண்டு வாரம் வண்டி ஓட்டக்கூடாதுன்னு எழுதி, மறுபடி வெச்சுத்தான் முடிவு பண்ணணும். அதுக்கப்புறம் வண்டிய திருப்பிக் குடுப்பாங்களா மாட்டாங்களான்னு எனக்குச் சொல்லத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன்."

பேனா மேசைமேல் கிடந்தது. இருசப்பன் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாற்று ஓட்டுநராயிருந்த மணவாளன் இரண்டு மாதத்துக்கு முன்பு வேலையை விட்டுப் போனதிலிருந்து, விடியற்காலை ஏற்றி வருவதும் அவரே, பிற்பகல் இறக்கி ஏற்றுவதும் அவரே, இரவுப் பத்து மணி ஷிப்டை வீடு சேர்ப்பதும் அவரே. "ஒரு வாரம் சமாளிண்ணா" என்றான் கலைவேந்தன். அந்த ஒரு வாரத்துக்கு இன்னும் ஞாயிற்றுக்கிழமை வரவில்லை. பேனாவைத் தொடாமல் எழுந்துபோனால் இன்றைக்கு வண்டி உண்டு, நாளைக்கும் உண்டு. மங்கலம் வளைவும் உண்டு.

அவர் பேனாவை எடுத்தார். ஏழு என்பதை அடித்துவிட்டு, அதன் பக்கத்தில் மூன்று என்று எழுதினார்.

"கலைவேந்தன் மேல இன்னாத்தயும் எழுதிடாதம்மா" என்றார். மேடம் என்பது எப்போது அம்மா ஆயிற்று என்பதை இருவருமே கவனிக்கவில்லை. "அவனும் ஆள் கேட்டுனுதான் கீறான். மேல இருக்கறவங்க குடுக்கல."

"ஒரே ஓட்டுநருக்கு ரெண்டு வேளை வண்டி கொடுக்கக் கூடாதுன்னு எழுதறேன். அதை எழுதாம இருக்க முடியாதுண்ணா" என்றாள் அவள்.

தாளைக் கையில் வாங்கிப் படித்த கலைவேந்தன், முதலில் அதைத் தலைகீழாகப் பிடித்துவிட்டோமோ என்று நினைத்தவன் போலத் திருப்பிப் பார்த்தான்.

"இன்னாண்ணா இது? அறுபத்து மூணு வாங்கிட்டு பெயிலா?"

"மூணு மணி நேரம்னு எழுதனேன்."

"எதுக்கு?"

"மூணு மணி நேரந்தான் தூங்கனேன்."

"யோவ், அது எனக்குத் தெரியாதா?" என்றான் கலைவேந்தன். 'அண்ணா' அந்த இடத்தில் 'யோவ்' ஆயிற்று. "படிச்ச பொண்ணு ரெண்டு வார்த்த தன்மையாப் பேசுனா வவுத்துல கீறதெல்லாம் கொட்டிடுவியா? ரெண்டு மணி டிரிப்புக்கு யாரு போவா? நானா? எனக்குப் பஸ் லைசன்சே இல்ல."

"ஆள் கேளு தம்பி. இப்பவாச்சும் குடுப்பாங்க."

"குடுப்பாங்க, தட்டுல வெச்சு." அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். 'அண்ணா' திரும்பி வந்தது. "இந்தாண்ணா, இந்தப் பேப்பரு எங்கையில கீது. மேல போவறதுக்குச் சாயங்காலம் ஆவும். இந்த ஒரு டிரிப்பு அடிச்சுட்டு வந்துடு. பொண்ணுங்க வெயில்ல நிக்கும். பாவமில்ல?"

வண்டிச் சாவியை நீட்டினான். இருசப்பனின் கை தானாகப் பாதித் தூரம் போயிற்று. சாவி இருக்கும் இடத்துக்குப் போவதே அந்தக் கைக்குப் பழக்கம். அவர் அதை இழுத்து மற்றொரு கையால் பிடித்துக்கொண்டார்.

"வேணாம் தம்பி."

"ஒரே ஒரு டிரிப்பு."

"அந்த ஒண்ணுல எதுன்னா ஆயிட்டா?"

"ரெண்டு மாசமா ஆவல, இன்னிக்கி ஆயிடுமா?"

"ரெண்டு மாசமா எனக்குத் தெரியாது. இப்பத் தெரியும்" என்றார் இருசப்பன்.

கலைவேந்தன் சாவியை மேசைமேல் எறிந்துவிட்டுத் தொலைபேசியை எடுத்தான். "போ, போய்க் கொழாயப் பாத்து வெச்சுக்க" என்றான், முகத்தைப் பாராமலே.

இரண்டு மணிக்குச் சங்கு ஊதிற்று. பெண்கள் வந்து வண்டியருகே நின்றார்கள். ஓட்டுநர் இருக்கை காலியாக இருந்தது. இருசப்பன் வேப்பமரத்தடியில் நின்றார். வீட்டுக்குப் போக வேண்டுமானால் அவருக்கும் அந்த வண்டியை விட்டால் வேறு நேர்வழி இல்லை. தாம் ஓட்ட மறுத்த வண்டிக்காகத் தாமே காத்திருக்கும்படி ஆயிற்று. மூன்று மணி பத்து நிமிடத்துக்குத்தான் ஆள் கிடைத்தான். ஆலையின் தண்ணீர் லாரியை ஓட்டும் புகழேந்தி. காலையில் தேறியவன், இளைஞன். தண்ணீர் ததும்பும் லாரியை ஓட்டிப் பழகியவனாகையால் பேருந்தையும் ததும்பாமல்தான் ஓட்டினான். அவசரமே இல்லை. ஏற்கெனவே ஒரு மணி நேரம் வெயிலில் நின்ற பெண்களுக்கு அந்த நிதானம் எரிச்சலைக் கூட்டியது.

ஜோஸ்பின் தன் வழக்கமான இடத்தில் அமர்ந்திருந்தாள். பக்கத்தில் இடம் காலியாக இருந்தது. இருசப்பன் அதில் அமர்ந்தார். ஓடும் வண்டியில் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் அவர் அமர்ந்தது அன்றுதான் முதல் தடவை.

"இன்னாண்ணா, நீ பெயிலாமே? ஒன்னால எங்கால் வீங்கிப் போச்சு" என்றாள் அவள். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். "ஓட்டத் தெரியலன்னு சொல்லிட்டாங்களா? வந்து நாலு பேரு சாட்சி சொல்லட்டுமா?"

"ஓட்டத் தெரியும்மா" என்றார் இருசப்பன். "தூங்கினே ஓட்டிக்கினு இருந்தேன். கண்ணத் தெறந்துனு. எனக்கே தெரியல. மெஷின்ல காட்னாங்க."

அவள் சிரிக்க ஆயத்தமானாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"எங்கள வண்டியில வெச்சினா?"

"ஆமாம்மா."

"எத்தினி நாளா?"

"தெரியலம்மா. மங்கலத்துல ஒரு நா தெரிஞ்சுது. சொல்லல."

கந்தமங்கலம் போயிற்று, அரியூர் போயிற்று. வில்லியனூர் தாண்டிய பிறகு, ஜோஸ்பின் ஜன்னல் பக்கம் திரும்பியபடியே சொன்னாள்: "எனக்கு ரெண்டு பசங்கண்ணா. அதுங்களுக்கு அப்பனும் இல்ல." அதற்கு மேல் திட்டியிருந்தால் இருசப்பனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. அவரும் மன்னிப்புக் கேட்கவில்லை. எந்த நாளுக்கென்று கேட்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

உறக்கம் வரும் என்று எண்ணியிருந்தார், வரவில்லை. புகழேந்தி பிரேக் போடும்போதெல்லாம் இவருடைய வலது கால் வண்டியின் தரைத் தகட்டை அழுத்தியது. அவரும் எத்தனை முறைதான் அதைத் தடுப்பார்? விட்டுவிட்டார்.

கரிக்கலாம்பாக்கம் வந்தது. ஜோஸ்பின் சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். அவர் வழிவிட்டு நின்றார். படியருகே போனவள் கம்பியைப் பிடித்தபடி ஒரு கணம் நின்றாள்.

"போயிப் படுண்ணா" என்றாள்.

இறங்கிப் போய்விட்டாள். இருசப்பன் அவள் விட்டுப்போன ஜன்னலோரத்துக்கு நகர்ந்து அமர்ந்தார். பாகூருக்கு இன்னும் நான்கு நிறுத்தங்கள் இருந்தன.